மூன்று வேளையும் 'ஆம்'

"நேத்து ராத்திரி சாப்பிட்டீங்களா?"

ரூத் கேட்டது மருமகளை. பதில் வந்தது மாமியாரிடமிருந்து.

"சாப்பிடாம என்னா? என் வூட்டுல சோத்துக்கா பஞ்சம்? ஆமான்னு எழுதிக்குங்க மிஸ்ஸி," என்றாள் ராக்காயி. கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"அவங்க வாயால சொல்லணும்மா," என்றாள் ரூத், முடிந்த மட்டும் பணிவாக.

அடுப்படி வாசலில் நின்ற நவமணி மாமியாரைப் பார்த்தாள். பிறகு முன்னறையில் பனியனோடு உட்கார்ந்து வானொலியைத் திருகிக்கொண்டிருந்த புருஷன் அழகேசனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. ஐந்து மாத வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு, "சாப்பிட்டேன்," என்றாள். சொன்ன உதடுகளில் ரத்தமே இல்லை.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் ராக்காயி.

ரூத் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டாள். காலையில் பசியாறினீர்களா, மதியம் சாப்பிட்டீர்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஏற்கெனவே 'ஆம்' விழுந்திருந்தது. கேள்வி முடிந்ததும் நவமணியின் விரலைத் துடைத்து ஊசியால் குத்தினாள். வந்த துளியைக் கருவியில் வைத்துப் பார்த்து எண்ணை எழுதியபோது அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ராக்காயியும் விரலை நீட்டினாள்.

"என்னையும் குத்துங்க. ஊசிக்கெல்லாம் அசரமாட்டேன்."

மருமகளின் ரத்தத்தைவிட மாமியாரின் ரத்தம் வெளிறியிருந்தது. அந்த லயத்து வரிசை வீடுகளில் ரூத் எழுதிய எண்களிலேயே ராக்காயியினுடையதுதான் ஆகக் குறைவு. அதை அவளிடம் சொன்னபோது, "வயசாச்சுல்ல," என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எழுபதுகளின் கடைசி வருடங்களில் ஒன்று அது. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தன, சில தங்கவே இல்லை. காரணம் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்குழு வந்தது. அதன் தலைவர் டாக்டர் லியோனார்ட், அவரும் தமிழர்தான். அவருக்கு உதவியாளாக, சுங்கைப் பட்டாணியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து வீடு வீடாகக் கேள்வி கேட்டவள் ரூத். ஊசி வைத்திருந்ததால் தோட்டத்துப் பெண்கள் அவளை நர்ஸ் என்றே நினைத்து 'மிஸ்ஸி' ஆக்கிவிட்டார்கள்.

கேள்வித்தாள்களை நம்பினால் அந்தத் தோட்டத்துப் பெண்களைப்போல வயிறாரச் சாப்பிடுகிறவர்கள் மலேசியாவிலேயே கிடையாது. ஊசியை நம்பினால், அவர்களில் பாதிப்பேர் எழுந்து நடமாடி ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போவதே அதிசயம். டாக்டர் இரண்டையும் நம்பினார். படித்தவர்களுக்கு அது ஒரு கஷ்டமில்லை.

"சாப்பாடு இருக்கு, ரத்தம் இல்ல. அப்ப வயித்துல புழு. செருப்பில்லாம நடக்கிறாங்க, கக்கூஸ் சரியில்ல. சிம்பிள்," என்றார்.

தோட்டத்து மானேஜருக்கும் இந்தப் புழு பிடித்துப்போனது. புழு மருந்தும் ரத்தத்துக்கு மாத்திரையும் தாமே வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். மருந்து கொடுத்தால் போதும், வேறு யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இதைவிடச் சௌகரியமான வியாதி உலகத்தில் உண்டா?

கேள்வித்தாளைத் தவிர ரூத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சில பெண்களிடம் மனம்விட்டுப் பேசி, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வரவேண்டும். அறிக்கை படிக்கச் சுவையாக இருக்கும் என்பது டாக்டரின் எண்ணம். அப்படித்தான் ஒரு மத்தியானம் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த நவமணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ராக்காயி புல் வெட்டும் கும்பலோடு இன்னும் காட்டில் இருந்தாள்.

"இந்த வயித்தோட மரம் வெட்டிட்டு வந்து துணியும் துவைக்கிறீங்களே, என்னா சாப்பிட்டீங்க இன்னிக்கி?"

"என்னா இருந்துச்சோ அதுதான்க்கா," என்று நவமணி சிரித்தாள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது மிஸ்ஸி அக்காவாகியிருந்தாள். "கருக்கல்ல எந்திரிச்சு ஆக்கி வச்சிடுவேன். மொதல்ல மாமா, அப்புறம் அவங்க, கொழுந்தன் ரெண்டு பேரு. அப்புறம் அத்தை. அதுக்குள்ள பெரட்டுல பேரு கூப்பிட மணியடிச்சிடும். நான் வரக்கோப்பி குடிச்சிட்டு ஓடிடுவேன் லா."

"ராத்திரி?"

"ராத்திரியும் அதே வரிசைதான். அத்தை சாப்பிட்டதுக்கு அப்புறம் சட்டியில ஒட்டினது எனக்கு. கொறை சொல்லலக்கா, அத்தையும் மிச்சத்ததான் திங்கிறாங்க. மீனு வாங்கினா நாங்க ரெண்டு பேரும் கொழம்போட சரி."

"அப்ப ஏன் மூணு வேளையும் சாப்பிட்டேன்னு சொன்னீங்க?"

நவமணி துணியை அடிப்பதை நிறுத்திவிட்டு அவளை விநோதமாகப் பார்த்தாள். "வேற என்னாக்கா சொல்றது?"

நவமணி துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். பிறகு அவளாகவே சொன்னாள். "மொதப் புள்ள ரெண்டு நாளுகூட இருக்கலக்கா. கையில தூக்கினா கனமே தெரியல. இதாச்சும் தங்கணும்." உடனே குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு வெளிய வந்துச்சுன்னா அவ்வளவுதான். வூட்டு மானத்த வித்துட்டேன்னு என்னைய புக்கிட் செலம்பாவுக்கு, எங்கம்மாகிட்டயே அனுப்பிடுவாங்க. என் பேரு வேணாங்க்கா."

வராது என்று ரூத் கையடித்துச் சொன்னாள்.

'வேற என்னாக்கா சொல்றது' என்ற அந்தக் கேள்விக்கு அர்த்தம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது, அதுவும் சொந்த வீட்டில். கோயில் பூசை முடிந்து வந்து அப்பா ஆர்தரும் இரண்டு தம்பிகளும் அவளும் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா லூர்து மேரி நின்று பரிமாறினாள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஜோசபின் உள்ளே வந்தாள்.

"என்னா லூர்து, சாப்டாச்சா?"

"ஆச்சு ஆச்சு. நீங்க உக்காருங்கக்கா, ஒரு வாய் சாப்பிடலாம்," என்றாள் அம்மா.

அம்மாவின் மங்குத் தட்டு அலமாரியில் கவிழ்த்தபடி காய்ந்து கிடந்தது. காலையில் நற்கருணை வாங்கப் பட்டினியாகப் போனவள், வந்ததும் அடுப்பில் நின்றவள், இன்னும் ஒரு பருக்கையைத் தொடவில்லை. ஆனாலும் அந்த 'ஆச்சு' தயக்கமில்லாமல், இனிமையாகக்கூட வந்தது. கடைசி மீன் துண்டு ஜோசபினின் தட்டுக்குப் போனது.

ரூத் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். நம்மவர்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்பது வணக்கம் வைப்பதுபோல. அதற்கு இல்லை என்று சொல்கிறவள் தன் வீட்டையே தெருவில் இழுத்துவிடுகிறாள். அப்படி ஒரு கேள்வியை அச்சடித்து எடுத்துக்கொண்டு, மாமியார் அகப்பையோடு நிற்கும் வீட்டுக்குள் போய் மருமகளிடம் கேட்டிருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் இன்னொன்று. சம்பாதிக்கிற பெண் என்று அவளுக்கு ஆண்களோடு மேசையில் இடம் கிடைத்திருந்தது. அம்மா எப்போது சாப்பிடுகிறாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை, தோட்டத்துப் பள்ளிக்கூட அறையில் டாக்டரின் மேசைமேல் தாள்களை அவள் புதிதாக அடுக்கினாள். இதுவரை கேள்வித்தாள்கள் ஒரு கட்டு, ரத்தக் கணக்கு ஒரு கட்டு, பேச்சு எழுதிய தாள்கள் மூலையில் ஒரு கட்டு. இப்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெயர்களை மட்டும் மறைத்திருந்தாள்.

"இது என்ன ரூத்?"

"மூணும் ஒரே ஆள் டாக்டர். தனித்தனியா பார்த்ததாலதான் தெரியல. சாப்பிட்டேன்னு எழுதியிருக்கு, ரத்தம் இல்லங்குது. ஏன்னு அவங்க பேச்சுல இருக்கு. படிச்சுப் பாருங்க."

லியோனார்ட் இரண்டு மூன்று படித்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார். "அத்தனை பேரும் பொய் சொன்னாங்கங்கிறியா?"

"பொய் இல்ல. வீட்டு மரியாதை. கேள்விதான் தப்பு."

"புழு இருக்கலாமில்ல?"

"இருக்கலாம். ஆனா அதே மண்ணுலதான் ஆம்பளைங்களும் செருப்பில்லாம நடக்கிறாங்க. அவங்களையும் குத்திப் பார்த்தோம், ரத்தம் நல்லாயிருக்கே. புழுவுக்கு ஆம்பள பொம்பளன்னு தெரியுமா டாக்டர்?"

அவர் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார். கெட்ட மனிதரில்லை. பிறகு திரும்பி, "எண்ணிக்கைய வச்சு மானேஜர்கிட்ட பேசலாம். பேச்ச வச்சு எப்படிப் பேசுறது? யார் சொன்னான்னு கேப்பாங்க. பேரு குடுப்பியா?" என்றார்.

ரூத்தால் கொடுக்க முடியாது.

"அப்ப எண்ணிக்கை எண்ணிக்கையா இருக்கட்டும். கதையெல்லாம் பின்னிணைப்புல போட்டுடலாம்."

"ஒரே ஒரு கேள்வி மட்டும் புதுசாக் கேக்க விடுங்க. சாப்பிட்டீங்களான்னு இல்ல. நீங்க உக்காந்தப்ப சட்டியில என்ன மிச்சம் இருந்துச்சு, உங்களுக்கு முன்னாடி யாரு சாப்பிட்டாங்க. அதையும் குழாயடியில வச்சுக் கேக்கிறேன். யார் பேரும் வேணாம், எல்லார் பதிலையும் நீங்களே எண்ணிப் பார்க்கலாம்."

"நடுவுல கேள்விய மாத்துறது முறையில்லம்மா. அறிக்கை அடுத்த வாரம் போகணும்." தாள்களை அவரே பழையபடி மூன்று கட்டாகப் பிரித்து வைத்தார். அவர் வீட்டில் ஒருமுறை ரூத் சாப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கும் அவர் மனைவி நின்று பரிமாறிக்கொண்டுதான் இருந்தாள்.

முடிவைச் சொல்லும் கூட்டம் சனிக்கிழமை பிற்பகல், தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. மானேஜர் செலவில் மீகூன் என்ற அரிசிச் சேமியா, அவித்த முட்டை, தேத்தண்ணி. நீண்ட பெஞ்சுகளில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காலையிலிருந்து கிண்டி வதக்கிய பெண்கள் பரிமாறினார்கள். மீகூன் பேசினோடு முன்னால் போனவள் ராக்காயி. நவமணி தண்ணீர்ச் செம்போடு பின்னால் நடந்தாள். அவள் அடிக்கடி தூணைப் பிடித்துக்கொள்வதை ரூத் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் எழுந்து புழுவைப் பற்றி நல்ல தமிழில் பேசினார். செருப்புப் போடச் சொன்னார். கை கழுவச் சொன்னார். இந்தத் தோட்டத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றபோது ஆண்கள் பக்கம் கைதட்டினார்கள். மாத்திரைப் புட்டியை உயர்த்திக் காட்டினார்.

"இது ரத்தத்துக்கு. வெறும் வயித்துல போட்டா குமட்டும், மயக்கம் வரும். சாப்பிட்ட பிறகுதான் போடணும். மொத மாத்திரைய இங்கேயே போட்டுடலாம். பொம்பளைங்க எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு சார்," என்று மண்டபத்தின் ஓரத்திலிருந்து ஒரே குரலாக வந்தது. ஒருத்தி கையில் அகப்பை, ஒருத்தி கையில் தட்டுகள், ஒருத்தி கையில் தேத்தண்ணி வாளி. டாக்டர் அவர்களைப் பார்த்தார். பிறகு ரூத் பக்கம் பார்வை திரும்பியது, சட்டென்று விலகியது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு மாத்திரையாக வைத்துக்கொண்டு வந்தார். ராக்காயி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்து நவமணி. அவள் கையை நீட்டவில்லை.

"நான் இன்னும் சாப்பிடல சார்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பேச்சு ஒவ்வொரு பெஞ்சாக அடங்கிப்போனது.

"காலையிலேருந்து சாப்பிடல. நேத்து ராத்திரியும் இல்ல," என்றாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, அழகேசனுக்குப் பக்கத்தில் ஒருவர் எழுந்துபோன இடத்தில் போய் உட்கார்ந்து, ஒரு தட்டைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்னா இது, எந்திரி லா," என்றான் அழகேசன் பல்லுக்குள்.

"உங்க புள்ளைக்குப் பசிக்குது," என்றாள் அவள்.

அவன் தன் தட்டில் பாதி தின்ற முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரூத் பரிமாறப் போகலாமென்று எழுந்தாள். அதற்குள் ராக்காயி பேசினோடு வந்துவிட்டாள். மருமகளின் எதிரே நின்றாள். பேசினைத் தட்டுக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தாள். கோபத்திலா, தெம்பில்லாமலா என்று ரூத்துக்குத் தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்துவிட்ட ஒருவரை, அதுவும் வெளியூர்க்காரர்கள் முன்னால், பரிமாறாமல் தாண்டிப் போவது அவள் அறியாத காரியம். அந்த மரியாதையும் அவளுக்கு ரத்தத்தில் ஊறியதுதான். அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்து, இருந்த மீகூனையெல்லாம் அந்தத் தட்டில் போட்டாள்.

நவமணி உடனே சாப்பிட ஆரம்பிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். சண்டைக்காரக் குரலில் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?"

மண்டபமே ராக்காயியைப் பார்த்தது. பேசின் காலியாக இருந்தது. அவள் அதை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வாழ்நாளெல்லாம் சொன்ன பதிலைச் சொன்னாள்.

"எனக்கென்னா, ஆச்சு."

முந்தானையை அவிழ்த்து, மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, நவமணி கீழே வைத்த செம்பிலிருந்து தண்ணீரைக் குடித்தாள்.