தலையில துளசி இருந்துச்சு

எங்க திண்டியில சேவந்தாவைத் தெரியாதவங்களே கிடையாது. பண்டரிபுரத்துக்கு நடக்கிற கூட்டத்துக்குத்தான் திண்டின்னு பேரு. முன்னால கொடி, அடுத்து ஜால்ராக்காரங்க, அதுக்குப் பின்னால தலையில துளசிப் பானையோட சேவந்தா. வருஷா வருஷம் அவதான். கையை விட்டுட்டு நடப்பா, பானை அசையாது. வழியெல்லாம் ஜனங்க ஓடி வந்து அவ காலைத் தொடுவாங்க. துளசிக்குத்தான் அந்தக் கும்பிடு. முதல்ல அவளுக்கும் அது தெரிஞ்சுதான் இருந்துச்சு. எப்ப மறந்தாளோ.

இந்த நடையில ஒரு வழக்கம் உண்டு. நம்ம காலை யாராவது தொட்டா, நாமளும் உடனே குனிஞ்சு அவங்க காலைத் தொடணும். ஊர்த்தலைவர் பாட்டீல் வீட்டம்மாவா இருந்தாலும் சரி, கூலிக்காரியா இருந்தாலும் சரி. "மாவுளி"ன்னு கூப்பிட்டுக்குவாங்க, தாயேன்னு அர்த்தம். சண்டைக்காரங்க சமாதானம் ஆகறதும் இப்படித்தான். மன்னிப்பு கின்னிப்புன்னு பேச்சே கிடையாது. அவ குனியணும், இவ குனியணும், முடிஞ்சு போச்சு.

பானை சுமக்கிறவ எப்படிக் குனிவாங்கறீங்களா? பின்னால வர்றவகிட்ட பானையைக் குடுத்துட்டுக் குனிவா. சேவந்தாவும் அப்படித்தான் செஞ்சிட்டிருந்தா. அப்புறம் இத்தனை பேருக்கும் யாரு இறக்கி ஏத்தறதுன்னு விட்டுட்டா. அப்படியே நின்னு வாங்கிக்கிறது பழகிப்போச்சு.

இந்த வருஷம் அவ ஓர்ப்படி கஸ்தூராவும் கிளம்பி வந்தா. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்னு ரொம்ப காலம். கிணத்து மோட்டார் யாரு எப்ப போடறதுன்னு ஆரம்பிச்ச சண்டை. அதுல கஸ்தூரா ஊரு முன்னால, "துளசியைச் சுமந்தா நீ சாமியாயிடுவியாடி?"ன்னு கேட்டுட்டா. மோட்டாரை மறந்துட்டா சேவந்தா, அந்த வார்த்தையை மறக்கலை.

கஸ்தூராவுக்குக் காலு ரெண்டும் வீங்கி, நாலு அடி வெச்சா மூச்சு வாங்குது. மகன் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னானாம். கேக்கலை. ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் பாக்ரி ரொட்டியும் பிட்லாக் குழம்பும் தின்னுட்டுக் கிளம்பற நேரம், தாங்கித் தாங்கி நடந்து வந்து சேவந்தா முன்னால நின்னா.

"மாவுளி"ன்னா. மெதுவாக் குனிஞ்சு காலைத் தொட்டா. நிமிர முடியாம முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்தா. அப்புறம் காத்துக்கிட்டு நின்னா.

பின்னால இருந்த ஹிரா, "பானையைக் குடுங்கக்கா, நான் பிடிச்சுக்கறேன். குனிங்க"ன்னா.

"ஆரத்தி காட்டி ஏத்தினதுடி. வழியில கை மாத்தக் கூடாது."

"இது எப்பலேர்ந்துக்கா? போன வருஷம்கூட என் தலையில குடுத்துட்டு வெத்தலை வாங்கப் போனீங்களே!"

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. கஸ்தூராவும் சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் சேவந்தாவுக்குச் சுருக்குன்னு தைச்சுது. குனியறதை ஊரே பாக்கணுமா? கழுத்தை நேரா வெச்சுக்கிட்டு, "நேரமாச்சு, நடங்க"ன்னு நகந்துட்டா. பண்டரிபுரம் போனப்புறம் பாத்துக்கலாம், அங்கே பானையை இறக்கித்தானே ஆகணும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு.

பண்டரிபுரத்துக்கு முந்தின கடைசித் தங்கல் வாக்ரி. அங்கே தங்கின அன்னிக்குச் சாயங்காலம் ஹிரா வந்தா. அழுதழுது முகமே வீங்கிக் கிடந்துச்சு.

"கஸ்தூராக்காவை, மூச்சு முட்டுதுன்னு இன்னிக்கு மத்தியானமே ஜீப்புல ஏத்தி அனுப்பினாங்கக்கா. ஆஸ்பத்திரி போய்ச் சேரறதுக்குள்ள போயிட்டாங்க."

சேவந்தா, "என்னைத் திட்டினாளா?"ன்னு கேட்டா. திட்டியிருந்தா நல்லா இருக்குமேன்னு இருந்துச்சு அவளுக்கு.

"இல்லக்கா. நான்தான் உங்களைத் திட்டினேன். அதுக்கு அவங்க, 'தலையில துளசி இருக்கே, பாவம் அவ எப்படிக் குனிவா? பண்டரிபுரத்துல இறக்கி வெச்சதும் குனிவா பாரு'ன்னாங்க."

மறுநாள் பண்டரிபுரம். பானையை ஹிராகிட்டக் குடுத்துட்டா சேவந்தா. எத்தனையோ வருஷமா பாரம் தாங்கின கழுத்து வெறுமனே ஆடுச்சு. கோயில் வாசல்ல, நாமதேவர் படிகிட்ட நின்னுக்கிட்டு, வர்றவங்க போறவங்க காலையெல்லாம் தொட்டா. கிழவி, குழந்தை, பூக்காரி, பிச்சைக்காரன், ஒருத்தரை விடலை. ஒவ்வொரு காலையும் கஸ்தூரா காலா நெனைச்சுக்கிட்டுத் தொட்டா. வீங்கின காலு ஒண்ணு வந்தப்போ விடவே இல்லை, அந்தம்மா பயந்து காலை இழுத்துக்கிச்சு.

அப்போ பின்னால யாரோ சொன்னாங்க: "பாத்தியா? துளசி சுமக்கிற சேவந்தாபாய்! அவங்க பணிவு யாருக்கு வரும்!"

நெஞ்சுக்குள்ள ஒரு தித்திப்பு இறங்குச்சு. ஜனங்க காலைத் தொடறப்போ வர்ற, அவளுக்கு ரொம்பப் பழக்கப்பட்ட அதே தித்திப்பு. இன்னிக்குக்கூட, கஸ்தூரா போன மறுநாள்கூட, அது அங்கேதான் உக்காந்திருக்கு.

பாதி குனிஞ்சபடியே நின்னுட்டா. முழுசாக் குனியவும் பயம், நிமிரவும் பயம். தன் காலைச் சேவந்தா தொட்டதுக்காக ஒரு சின்னப் பொண்ணு வழக்கப்படி திரும்பி வந்து, "மாவுளி"ன்னு அவ காலைத் தொட்டுட்டுப் போச்சு. சேவந்தா அப்படியே மரம் மாதிரி நின்னா. கூட்டம் அவளை இடிச்சுக்கிட்டு உள்ளே போய்க்கிட்டே இருந்துச்சு.