அரைஞாண் கயிறு

1959 மே 19 அன்று மாலை, சாணார்பட்டிக்குக் கிழக்கே தன் தோட்டத்துக் கிணற்றைத் தூர் வாரும்போது கல் சரிந்து வேலுமணி இறந்தான். வயது இருபத்தெட்டு. மறுநாள் காலை ஓடைக்கரை இடுகாட்டில் புதைத்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள், விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் திரும்பி வந்தான். மல்லிகைப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அவன் மனைவி பொன்னழகு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது, கிணற்று மேட்டுக் கல்லில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். அவள் கத்தவில்லை.

"கஞ்சி குடிக்கிறீகளா?" என்றாள்.

அவன் இடது கையை இடுப்பில் வைத்தபடி கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து தினமும் அந்நேரத்துக்கு வந்து, இருட்டியதும் மறைந்தான். மாமியார் அங்கம்மாளும் பார்த்தாள். ஒரு கும்பாவில் கஞ்சி ஊற்றி அவனருகே வைப்பாள். அது குறையாது. தோட்டத்து நாய் அந்தப் பக்கமே போகாது. இரண்டு பெண்களுக்கும் அந்தச் சொற்ப நேரம் போதுமானதாக இருந்தது.

அடுத்த சித்திரையில், சரிந்து கிடந்த கற்களை அள்ள சோலைமலை வந்தான். அன்றைக்கு வேலுமணியோடு கிணற்றுக்குள் இறங்கியிருந்தவன், அவன் உடலைத் தோளில் சுமந்து ஏறியவன். காலராவில் மனைவியைப் பறிகொடுத்தவன். அவன் கண்ணுக்கு வேலுமணி தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கல்லில் அவன் ஒருநாளும் உட்காரவில்லை.

"ஏத்தா, உப்பு வெல ஏறிப்போச்சா? கஞ்சியில காணமே" என்றான் ஒரு மத்தியானம்.

பொன்னழகு சிரித்துவிட்டாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாகக் கேட்டது. வேலை முடிந்து போகும்போது அவன், "ஒங்க மாமியாகிட்ட கேட்டுச் சொல்லு. நான் காத்திருக்கேன்" என்றான். அவர்கள் சாதியில், புருஷனை இழந்தவள் பழைய தாலியை அறுத்துவிட்டு இன்னொருவனைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு.

பொன்னழகு சொன்னதை அங்கம்மாள் பூப்பறிப்பதை நிறுத்தாமலே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"புருசன் போனவதான் அறுத்துக் கட்டுவா. ஒம்புருசன் அன்னாடம் வந்து ஒக்காருறான். அவன் கண்ணு முன்னாலயே இன்னொருத்தன் கூடப் போவியாக்கும்?"

வேலுமணி வந்துகொண்டிருக்கும்வரை பொன்னழகுக்கு மறுவாழ்வு இல்லை.

அன்று மாலை அவனை உற்றுப் பார்த்தாள். முகம் வற்றியிருந்தது. இத்தனை நாள் சும்மா வைத்திருக்கிறான் என்று அவள் நினைத்த இடது கை, இடுப்பில் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. விரல் பட்ட இடம் புண்ணாகியிருந்தது.

அரைஞாண் கயிற்றை அறுத்துத்தான் புதைப்பார்கள். கட்டோடு போகிறவன் போய்ச் சேரமாட்டான் என்பார்கள். கும்பாவில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அங்கம்மாளிடம் போனாள்.

"அத்தே, அவுக அரைஞாண் கயித்த அறுத்தாகளா?"

அங்கம்மாளின் கை நின்றது.

"நாந்தான் அறுக்க விடல. எம்புள்ளைக்கு நாங் கட்டுன கயிறு. அறுத்தா ஒரேயடியாப் போயிருவான்ல?"

"அவுகளுக்கு வலிக்குது அத்தே."

"எனக்கு வலிக்கலையாடி?"

மறுநாள் காலை பொன்னழகு சோலைமலையிடம் விஷயத்தைச் சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனாள். அங்கம்மாள் பின்னாலேயே வந்து ஓடைக்கரையில் குந்திக்கொண்டாள். தடுக்கவில்லை. சோலைமலை தோண்டினான். இடுப்பெலும்பு தெரிந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு, "நான் அறுக்கவா?" என்றான்.

"வேணாம். அது எஞ்சோலி."

குழிக்குள் இறங்கினாள். வேட்டி மக்கிப்போயிருந்தது. கறுப்புக் கயிறு மட்டும் இற்றுப்போகாமல் எலும்பைச் சுற்றிக் கிடந்தது. அரிவாளின் நுனியைக் கொடுத்து அறுத்தாள். 'போயிட்டு வாங்க' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "போங்க" என்றாள்.

கரையில் அங்கம்மாள் நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. போன வருடம் பிணம் எடுத்தபோது அவள் அழவில்லை.

அன்று மாலை கிணற்று மேட்டுக் கல் வெறுமையாக இருந்தது. பொன்னழகு இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

ஆனி மாதம் திருமலைக்கேணி முருகன் கோயிலில் அவளும் சோலைமலையும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அங்கம்மாள் வரவில்லை. சாயங்காலம் அவள் கும்பாவில் கஞ்சி ஊற்றிக் கல்லில் வைத்தாள். நாய் வந்து குடித்துவிட்டுப் போனது.