ஆடாத வட்டம்

அன்று மழை பெய்ததா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. சாமியார் சொன்னபோது தூறல் இருந்தது. அவருடைய மச்சினன் சொன்னபோது வெறும் பனிமூட்டம். கேட்டுக் கேட்டு இரண்டும் எனக்குள் கலந்துவிட்டன. எது அவர்கள் சொன்னது, எது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

சாமியார் என்பது ஒரு ராணுவ லாரி ஓட்டுநருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். அவர் மனைவியின் தம்பி புதிதாகப் படையில் சேர்ந்திருந்தான்; அவன் நேர் எதிர், ஓட்டைவாய். போர்முனைக்குப் போகும் லாரி வரிசையில் சாமியாரின் வண்டிக்கு அடுத்தது அவனுடையது. அது தற்செயல் இல்லை. விடுப்பு முடிந்து கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று, "என் தம்பி இல்லாம நீங்க மட்டும் திரும்பி வந்துடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. சாமியார் சார்ஜண்டிடம் கெஞ்சிக் கூத்தாடி, மச்சினனைத் தன் முதுகுக்குப் பின்னால் வாங்கிக்கொண்டார்.

இருட்டியதும் வரிசை புறப்பட்டது. முன்விளக்கு போடக் கூடாது; வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு லாரிக்கும் அடியில், பின் அச்சின் நடுவே புடைத்திருக்கும் இரும்பு உருண்டைக்கு வெள்ளை அடித்திருப்பார்கள். அதற்கு மேலே, தகர மூடி போட்ட ஒரு சின்ன பல்பு. பின்னால் வருபவனுக்குத் தெரிவதெல்லாம் அந்த வெள்ளை வட்டம்தான். தட்டு அளவுக்குப் பெரிதானால் பிரேக் போட வேண்டும்; பொட்டு அளவுக்குச் சுருங்கினால் வேகம் கூட்ட வேண்டும். சாலையைப் பார்க்காதே, வட்டத்தைப் பார். பாடம் அவ்வளவுதான்.

"உங்க வண்டியோட பின்னழகைப் பாத்துக்கிட்டே வரணும்னு என் தலையெழுத்து, அத்தான்" என்றான் மச்சினன்.

"தூங்காம வா."

"நீங்க தூங்காம போங்க. நீங்க கிணத்துல விழுந்தா நானும் விழணும். அதானே சட்டம்?"

சாமியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

மலைச்சாலையில் வட்டம் அவருக்கு முன்னால் மிதந்துகொண்டே போனது. முதலில் அது வெறும் சுண்ணாம்பாக இருந்தது. பிறகு தண்ணீருக்குள் கிடக்கும் நிலவானது. பிறகு பால் குடித்து உறங்கும் குழந்தையின் கன்னம். லாரி ஓடுவதாகவே அவருக்குத் தோன்றவில்லை. வட்டமும் அவரும் ஓரிடத்தில் நிற்க, இருட்டுதான் இரண்டு பக்கமும் பின்னோக்கி ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம்.

திடீரென்று லாரி குலுங்கியது. ஸ்டீயரிங் கைகளை உதறியது. தலை கூரையில் இடித்தது. ஆனால் வட்டம் ஆடவில்லை. சுவரில் மாட்டியதுபோல அப்படியே இருந்தது.

இந்தப் பாதையில் எந்த வண்டியின் வட்டமும் குதிக்காமல் இருக்க முடியாது. சாமியார் கண்களை மூடிப் பார்த்தார். வட்டம் அங்கேயும் இருந்தது.

பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்து மச்சினனின் வண்டி லேசாக முட்டி நின்றது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன.

மச்சினன் இறங்கி வந்தான். சாமியார் அதற்குள் லாரியின் முன்னால் நின்று, காலால் ஒரு கல்லைத் தள்ளிவிட்டிருந்தார். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு கீழே எங்கோ தண்ணீர் தெறிக்கும் ஓசை கேட்டது. அது ஒரு பழைய கல்குவாரி.

"முன்னாடி போனவன் எங்க அத்தான்?"

"வளைவுல திரும்பியிருப்பான்."

"அப்ப நீங்க யார் பின்னாடி வந்தீங்க?"

சாமியார் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

வரிசையின் கடைசி லாரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுத்தார்கள். மிஞ்சியது சாமியாருடையது. அதன் முன்சக்கரத்துக்கு அடியில் மண் சரிந்துகொண்டிருந்தது.

"நான் எடுக்கறேன். உங்க கண்ணுதான் சரியில்லையே" என்றான் மச்சினன்.

"நீ ஏறக் கூடாது. பின்னாடி போய் நின்னு வழி காட்டு."

மச்சினன் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பனியனோடு பின்னால் போய் நின்றான்.

"ஆடிக்கிட்டே நில்லுடா" என்று சாமியார் ஜன்னல் வழியே சொன்னார். "சும்மா நின்னா நீதான்னு நம்ப மாட்டேன்."

இருட்டுக்குள் பனியன் ஆடியது. கையை வீசி, இடுப்பை ஒடித்து, கோமாளிபோல ஆடிக்கொண்டே பின்வாங்கியது. கண்ணாடியில் அதையே பார்த்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாமியார் சரிவிலிருந்து லாரியை மீட்டார்.

சார்ஜண்ட் அந்தப் போரிலேயே இறந்தார். மச்சினனும் சாமியாரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். மச்சினன் பேருந்து ஓட்டினான். அவனுக்கு இரண்டு பெண்கள். சாமியார் அதன்பிறகு வண்டி ஓட்டவில்லை. ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். அவர் மனைவிக்குக் குவாரி விஷயம் கடைசிவரை தெரியாது. முதலில் அவர் போனார், அடுத்த வருடம் அவள். மச்சினன் மட்டும் இருக்கிறான். இப்போது அவனும் அதிகம் பேசுவதில்லை.