குச்சி நுழைந்த பெட்டி

இடி விழுந்து நாகலிங்கத்தின் டிஷ் பெட்டி கருகிப்போன செய்தியைக் கேட்டதும் செல்லையா, "அடப் பாவமே" என்று வாயால் சொன்னார். மனசுக்குள் பொங்கல் பானை பொங்கியது.

அவரைக் குறை சொல்ல முடியாது. தெரணியகலைக்கு மேலே, அந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், டிஷ் வைத்திருந்தவர் தொழிற்சங்கத் தலைவர் நாகலிங்கம் ஒருவர்தான். மலை மறைத்ததால் மற்ற வீட்டுப் பழைய டிவிகளில் புள்ளியும் இரைச்சலும்தான் வரும். எனவே லயமே தலைவர் வீட்டுத் தரையில் உட்காரும். செல்லையாவுக்கு வாசலோரம். காற்றடித்துப் படம் போனால், "செல்லையாண்ணே, டிஷ்ஷ கொஞ்சம் திருப்பிட்டு வாங்க" என்ற உத்தரவும் வாசலோரத்துக்குத்தான் வரும். மூன்று வருஷத்தில் அவர் ஒரு படத்தின் முடிவையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. வில்லன் சாகும் நேரத்தில் மழையில் தகட்டைப் பிடித்துக்கொண்டு, "இப்பத் தெரியுதா?" என்று கத்திக்கொண்டிருப்பார்.

அந்த ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. நாகலிங்கம் தன் வீட்டுக்கு வந்து, தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு முழுப் படம் பார்க்க வேண்டும். தான் நாற்காலியில் இருக்க வேண்டும்.

"நமக்கு எதுக்குங்க டிஷ்ஷு?" என்றாள் மனைவி பரிமளம்.

"ஒனக்குத் தெரியாது. சும்மா இரு" என்றார். காரணத்தைச் சொன்னால் சிரிப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய டிவி, பழைய கிளார்க்கர் ஐயா மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன கிழட்டு மாடல். பின்னால் ஒரே ஒரு ஏரியல் ஓட்டை. ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவருக்குக் கத்தியும் கண்ணளவும் போதாதா? ரப்பர் குச்சியொன்றை ஒடித்து, அந்த ஓட்டைக்கு அளவாகச் சீவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அது சேருகிற பெட்டியைத் தேடி பஸ் ஏறினார்.

முதலில் முஹ்ஸின் கடை. நாகலிங்கத்திடம் இருந்த அதே ஜாதி வெள்ளிநிறப் பெட்டி கண்ணாடிக்குள் மின்னியது. பின்னால் திருப்பிப் பார்த்தால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஓட்டை. செல்லையா குச்சியை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். ஒன்றிலும் சேரவில்லை.

"இது புது டிவிக்கு உள்ளது, அண்ணே. டிவியையும் மாத்திருங்களேன்" என்றார் முஹ்ஸின்.

யானை வாங்கப் பணமில்லாதவனிடம் அம்பாரி விலை பேசுகிறானே என்று எரிச்சலோடு வெளியே வந்தார்.

எதிர்ச்சாரியில் ஜமால்தீன் கடை. அங்கே அடித்தட்டில் தூசி படிந்து ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. செங்கல் கனம், செங்கல் அழகு. குச்சி மட்டும் அச்சாகப் போய் உட்கார்ந்தது.

"மொதலாளி, படம் நல்லா வருமா?"

"வெள்ளப் பெட்டி அளவுக்குத் துல்லியமா வராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பழைய டிவி எதுவா இருந்தாலும் இது பேசும்."

எதுவாக இருந்தாலும் என்ற வார்த்தையில் செல்லையா ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

டிஷ் பூட்ட வந்த சிங்கள மெக்கானிக் பாஸ் நல்ல மனுஷன். படம் வந்ததும், "ஹரி, சரி!" என்று கையைத் தட்டிவிட்டு, பரிமளம் தந்த பிளேன்டீயைக் குடித்தார். பக்கத்து வீட்டு டிவியிலும் ஏரியல் ஓட்டையைப் பார்த்தவர், இந்தப் பெட்டியிலிருந்து வயரைப் பிரித்து இழுத்தால் லயம் முழுக்கப் படம் தெரியுமே என்று போகிறபோக்கில் சொன்னார். அவ்வளவுதான். செல்லையா மறுநாள் பால்வெட்டி முடித்து வருவதற்குள் கூரைக்கடியில் ஏழு வயர் ஓடியது. நாகலிங்கம்கூட அட்டாலில் கிடந்த தன் பழைய டிவியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார்.

"பாவங்க, கேட்டாங்க. குடுத்தேன்" என்றாள் பரிமளம்.

ஒருவரும் வரவில்லை. வருவானேன்? அவரவர் வீட்டில் அவரவர் பாயில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். ஆனால் பெட்டி ஒன்று, ரிமோட் ஒன்று. பெட்டியில் எது ஓடுகிறதோ அதுதான் எட்டு வீட்டுக்கும். லயத்துச் சுவர் கூரைவரைக்கும் ஏறாதாகையால் உத்தரவுகள் தடையில்லாமல் வந்தன.

"மாமா, சீரியல் போடுங்க!"

"செல்லையாண்ணே, கிரிக்கெட் மெச்ச மாத்திறாதீங்க!"

கக்கூசுக்குப் போனாலும் கூப்பிட்டார்கள். ரிமோட் கையில் இருந்தும் அவருக்குப் பிடித்த ஒன்றைப் போட வழியில்லை. ராஜா என்று நினைத்து முடி சூடியவர், ஏழு வீட்டுக்கும் எடுபிடியானார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுப்படம். கடைசிச் சண்டை தொடங்குகிற சமயம், மூன்று சுவருக்கு அப்பாலிருந்து நாகலிங்கத்தின் குரல் வந்தது. "செல்லையாண்ணே, படம் ஆடுது! டிஷ்ஷ கொஞ்சம் திருப்பிட்டு வாங்க!"

செல்லையாவுக்கு உச்சி எரிந்தது. பெட்டியை அணைத்தார். வரட்டும், வாசலில் வந்து நின்று கேட்கட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஏழு வீடும் கத்தியது. அவர் வாய் திறக்கவில்லை. தண்ணீர் விழும் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பரிமளம் ஓடி வருவதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் நாகலிங்கம்.

"செல்லையாண்ணே! ஐயோ, பேச்சுமூச்சு இல்லையே! லொறியக் கேளுங்கடா, கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்!"

நாகலிங்கம் பதறிப்போய் அவர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். செல்லையா கண்ணைத் திறந்தார். வேண்டுமென்றே அணைத்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கியது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"லேசாத் தல சுத்துச்சு, தலைவரே. லொறியெல்லாம் வேணாம்" என்றார்.

கைத்தாங்கலாக உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, நெஞ்சில் தைலம் தேய்த்துத் திரையை இழுத்துவிட்டார்கள்.

"நாங்க யாரும் போகல. நீங்க தேறுற வரைக்கும் இங்கதான் இருப்போம்" என்றார் நாகலிங்கம். அவர் உட்கார, செல்லையாவின் நாற்காலி கிறீச்சிட்டது. தரையில் பாய் விரிக்கும் சத்தம், பிள்ளைகள் இடம் பிடிக்கும் சத்தம். வீடு நிறைந்துவிட்டது. "சும்மா இருக்கிற நேரத்துக்கு, பரிமளக்கா, அதப் போட்டு விடுங்க."

சண்டை முடியும் கட்டம். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். செல்லையா தைல வாசத்தோடு தலையைத் தூக்கினார்.

"தலைவரே, வில்லன் செத்துட்டானா?"

"பேசாம படுங்கண்ணே" என்றது எட்டு வீடும்.