பாடையில் படுத்தவர் சிரித்தது

பொழுதெல்லாம் குந்தியிருந்து சின்ன வெங்காயத்துக்கு வால் அறுத்ததில் அன்புக்கரசிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. திண்டுக்கல் வெங்காயப் பேட்டையிலிருந்து தியேட்டருக்கு நடந்து வருவதற்குள் பல இடங்களில் நின்றுவிட்டாள்.

"ஆட்டோ வச்சுக்கலாம்னு சொன்னேன்ல," என்றாள் மகள் ஜீவிதா.

"உக்காந்தாத்தான்டி வலிக்குது."

"அங்க போயும் உக்காரத்தானம்மா போறோம்."

"அது உங்கப்பனைப் பாக்க உக்கார்றது. வலிக்காது."

தியேட்டர் வாசலில் நடிகர் இளஞ்செழியன் பேனரில் ஆளுயரத்துக்கு நின்றார். நடிக்க வந்து, பிறகு படம் இயக்கவும் ஆரம்பித்தவர். ஊர்த் திரைப்படச் சங்கத்தார் அவருடைய படங்களை வரிசையாகப் போட்டுக் கொண்டாடினார்கள். இன்று அவர் முதன்முதலில் இயக்கிய படம். முடிந்ததும் பாராட்டு விழா. அவரே வருகிறார்.

அந்தப் படத்தைக் குஜிலியம்பாறைப் பக்கம்தான் எடுத்தார்கள். கொதிக்கிற பாறைமேல் பாடையில் பிணமாகப் படுக்க, கூட்டி வந்த நடிகர் மாட்டேன் என்றுவிட்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சடையாண்டி, "நான் படுக்கிறேன்யா," என்று முன்னால் போய்விட்டான். கிணறு வெட்டுகிறவன். பாறைச் சூடு அவனுக்குப் புதிதில்லை. அன்புக்கரசிதான் கைப்பிள்ளையோடு ஓடிப்போய்ச் சண்டை பிடித்தாள். உயிரோடு இருக்கிற மனுசனைப் பாடையில் ஏற்றுவதா?

இளஞ்செழியன் கோபப்படவில்லை. "எங்க தொழில்ல ஒரு முறை இருக்கும்மா. செத்த மாதிரி நடிச்சவங்களை, எடுத்து முடிச்சதும் எந்திரிச்சுக் கேமராவைப் பாத்துச் சிரிக்கச் சொல்லுவோம். அதையும் எடுத்துட்டா தோஷம் இல்ல," என்றார்.

அதை எடுக்கிறவரை அவள் நகரவில்லை. சடையாண்டி எழுந்தான். நெற்றியில் ஒட்டியிருந்த காசைப் பிய்த்து மடியில் செருகிக்கொண்டான். பிறகு சிரித்தான். முன்பல் இல்லாததால் புறங்கையால் வாயை மறைத்து, தலையை இடது தோளில் சாய்த்து, கிணற்றுச் சகடை உருள்கிற மாதிரி விட்டுவிட்டு ஒரு சிரிப்பு.

நெஞ்சில் பாறைத்தூள் அடைத்து அவன் செத்தபோது ஜீவிதா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் இருப்பது வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். அதில் போலீஸைக் கண்டவன் போல முழித்துக்கொண்டிருப்பான். அவன் சிரித்தது அந்தக் கேமராவுக்குள் மட்டும்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் அப்போது ஓடாத அந்தப் படத்தை இப்போதாவது பார்த்து, அந்தச் சிரிப்பையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவள் வந்தாள்.

பாடைக் காட்சி வந்தது. தியேட்டரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்புக்கரசி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

"அழுவாதம்மா."

"எவடி அழுவுறது? காலைப் பாரு. கட்டுன கட்டுக்குள்ளயே கட்டைவெரல் தாளம் போடுது! செத்த நேரம் சும்மா கெடக்க மாட்டாருடி அந்த மனுசன்."

முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. அன்புக்கரசி திரையையே பார்த்தாள். "சிரிச்சதைப் போடலையே?"

"அது படத்துல வராதும்மா. சாங்கியத்துக்கு எடுக்கிறதுதான்."

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதானடி?"

"இம்புட்டு ஆசையாக் கெளம்புற. எப்படிச் சொல்ல?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் மறுபடி விளக்கை அணைத்தார்கள். இளஞ்செழியனுக்கு விருது வாங்கிக் கொடுத்த காட்சி என்று அறிவித்தார்கள். பிற்காலத்தில் அவர் நடித்த படம். மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் பந்தலில் தனியாக நிற்கிறார். புறங்கை வாய்க்குப் போகிறது. தலை இடது தோளில் சாய்கிறது. சகடை உருள்கிறது.

தியேட்டர் கைதட்டியது. அன்புக்கரசி மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "உங்கப்பன்டீ!"

மாலை, சால்வையெல்லாம் முடிந்ததும் மேடைக்குப் போனாள். சங்கத்து ஆள் மறித்தார். "ஏம்மா, செல்ஃபின்னா சீக்கிரம்."

"செல்ஃபி இல்ல தம்பி. கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

நாற்காலியில் இளஞ்செழியன் தளர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, பாறையில பொணமாப் படுத்தாரே, அவரு சம்சாரம் நான்."

எழப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. "கைப்பிள்ளையோட வந்து என்னைத் திட்டுனீங்களே?"

"அந்தக் கைப்பிள்ளைதான் இவ."

"அவரு?"

"போயிட்டாரு. அன்னிக்குச் சிரிச்சதை எடுத்தீகளே, அது வேணும்."

அவர் தலை குனிந்தார். "படத்துக்கு வேண்டாத துண்டெல்லாம் அப்பவே எடைக்குப் போயிருச்சும்மா."

"சரி. இப்பத் திரையில நீங்க சிரிச்சது?"

"அவர்கிட்ட எடுத்ததுதான். அந்தக் காட்சிக்கு எப்படிச் சிரிச்சாலும் பொய்யாத் தெரிஞ்சுது. கண்ணை மூடுனேன். பாடையில இருந்து எந்திரிச்சவரு வந்தாரு."

"கேக்காம எடுத்தாலும் கெடுக்காம எடுத்துருக்கீக," என்றாள் அன்புக்கரசி. "இவளுக்கு அப்பன் மூஞ்சியே ஞாபகமில்ல. இவ முன்னாடி ஒருதடவை சிரிச்சுக் காட்டுங்க. தெரியாத எடத்தை நான் சொல்லித் தாரேன்."

அவர் சால்வைகளை மடியிலிருந்து எடுத்துவைத்தார். புறங்கை எழுந்தது. தலை சாய்ந்தது. மூச்சுதான் பாதியில் நின்று இருமலாகிவிட்டது. மறுபடி முயன்றார். மறுபடியும் இருமல்தான்.

"வரலைம்மா," என்றார்.

அன்புக்கரசி அவர் முதுகை நீவிவிட்டாள். முன்பு ஒருவருக்கு ராவெல்லாம் நீவிவிட்ட கை. அவர் கண் கலங்கியதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். "வெங்காயக் கை. கழுவுனாலும் போக மாட்டேங்குது. எரியுதாய்யா?"

"ஆமா," என்று கண்ணைத் துடைத்தார். "வெங்காயம்தான்."

"சளி எறங்கட்டும். அப்புறமாச் சிரிங்க. நாங்க பேட்டையிலதான் இருப்போம்."

"கடன்மா இது."

"கடன்தான். இல்லேன்னு யாரு சொன்னா?"

வெளியே வந்ததும் ஜீவிதா போனை எடுத்தாள். "அந்தக் காட்சி இதுலயே இருக்கும்மா. போடவா?"

"வேணாம். அதுல அவரு வேற யாருக்கோ சிரிக்காரு."

இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். வழியெல்லாம் அன்புக்கரசி இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சடையாண்டியின் சிரிப்பு ஒன்றை இளஞ்செழியன் அவளுக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.