சாவிக்காரருக்கு ஒரு காட்சி

இருபத்து நான்கு குடும்பங்கள் வாழும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் ஆண்டுதோறும் ஒரே நாடகம்தான் நடக்கும். பத்தாண்டுகளுக்கு முன், குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்டுக் கட்டடத்தை இடிக்க நினைத்த முதலாளி, பத்தொன்பது நாள் தண்ணீரை நிறுத்திவிட்டார். ஒரு குடும்பமும் அசையவில்லை, வழக்கிலும் வென்றார்கள். வென்ற நாள் வரும்போதெல்லாம் முற்றத்தில் மேடை போட்டு அந்தக் கதையை நடிப்பார்கள். எழுதுபவர் இரண்டாம் மாடித் தையற்காரம்மா. முதலாளி வேடம் முடிதிருத்துபவருக்கு. முதலாளியின் சொல் கேட்டு வால்வை மூடிய சாவிக்காரர் வேடம் பேக்கரிக்காரருக்கு. அவர் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு மேடையேறினாலே போதும், முன்வரிசை ஊளையிடத் தொடங்கிவிடும்.

ஒன்பது ஆண்டுகள் அதில் ஒரு சிக்கலும் எழவில்லை. பத்தாம் ஆண்டில், தையற்காரம்மாவின் ஒரே மகன் விரும்பி மணந்து அழைத்துவந்த பெண், அந்தச் சாவிக்காரரின் மகளாக இருந்தாள்.

செவிலியர் வேலை முடிந்து வந்தவள், கைகூடக் கழுவாமல், தையல் மேசைமேல் கிடந்த நாடகப் படியைப் புரட்டினாள்.

“அத்தை, எங்கப்பா இதுல மூணு தடவை பேசுறாரு. மூணு தடவையும் ‘சரிங்க முதலாளி’தான்.”

“அன்னைக்கு அவர் வேற என்னத்தைப் பேசினாரு?” தையற்காரம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒண்ணு, அவரை எடுத்துடுங்க. இல்லன்னா அவருக்குன்னு ஒரு காட்சி எழுதுங்க. கல்யாணமாகி எட்டு மாசமாச்சு, எங்கப்பா இந்த வாசப்படிய மிதிச்சாரா? தலகாணியக் கட்டிக்கிட்டு ஒருத்தர் தன்னைப் போல ஆடுற இடத்துக்கு எந்த முகத்தோட வருவாரு?”

“அல்லக்கைக்கெல்லாம் தனிக் கதை எழுதினா நாடகம் மூணு நாள் ஓடும்மா.”

“அல்லக்கைக்கும் ஒரு வீடும் பொண்ணும் இருந்துச்சு அத்தை.”

ஊசி நின்றது. தம் சொல் தடித்துவிட்டது என்று மாமியாருக்குத் தெரிந்தது. தெரிந்தும் அடுத்த தையலைப் போட்டார்.

“பின்பக்கக் குழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சே, அதை அடைக்காம விட்டது யாருன்னு நினைக்கிறீங்க? எங்கப்பாதான். நம்பலன்னா நீங்களே போய்க் கேளுங்க. கேட்டும் எழுத மாட்டேன்னா, நாடகத்தன்னிக்கு எனக்கு டூட்டி. அடுத்த வருஷமும் டூட்டி.”

அந்தக் குழாயைக் கட்டடத்தில் யாரும் மறக்கவில்லை. மணிக்கு ஒரு குடம் என்று சொட்டிய தண்ணீரில்தான் இருபத்து நான்கு வீடுகளும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. நாடகத்தில் அது அதிர்ஷ்டம் என்று எழுதப்பட்டிருந்தது. அதிர்ஷ்டத்துக்கு ஒரு கை இருந்ததென்றால் அதை மறைப்பது பிழை. பிழையோடு ஒரு படியைக் கையில் வைத்திருப்பது தையற்காரம்மாவுக்கு ஆகாது. மகன் வேறு இரண்டு நாளாகத் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் காலை அவர் நோட்டுப் புத்தகத்துடன் நீச்சல் குளத்துக்குப் போனார். சம்பந்தி இப்போது அங்கே மோட்டார் அறையில் வேலை பார்த்தார். குளோரின் நெடி கண்ணைக் கரித்தது. சாவிக்காரர் பதறி எழுந்து, அங்கிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க சம்பந்தியம்மா. பொண்ணு ஏதாச்சும் வாய் பேசிட்டாளா?”

“பேசினா. நியாயமாத்தான் பேசினா. அந்தப் பின்பக்கக் குழாய நீங்க வேணும்னுதான் விட்டீங்களா?”

அவர் ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்; காட்சி அங்கேயே முடிந்திருக்கும். தையற்காரம்மா பேனாவின் மூடியைக்கூடக் கழற்றியிருந்தார்.

“அந்தக் குழாய்க்குப் போற வால்வுல வாஷர் தேஞ்சிருந்துச்சு. மூணாம் நாள்தான் பாத்தேன். மாத்தணும், மாத்தல. எல்லாம் மூடியாச்சான்னு முதலாளி கேட்டாரு. மூடியாச்சுன்னேன்.”

“இரக்கப்பட்டுத்தானே?”

“இரக்கமா சோம்பலான்னு பத்து வருஷமா எனக்கே புரியல. அதை எழுதுறதா இருந்தா அந்தக் கதவையும் எழுதுங்க.”

தையற்காரம்மாவின் பேனா நின்றது. எந்தக் கதவு என்று அவர் கேட்கவில்லை. ஐந்தாம் நாள், பதினேழு வயது மகன் காய்ச்சலில் பிதற்றியபோது, அவர் குடத்துடன் போய்ச் சாவிக்காரர் குடியிருந்த பின்கட்டு அறையைத் தட்டினார். உள்ளே தண்ணீர் விழும் ஓசை கேட்டது, தட்டியதும் நின்றுபோனது. கால் மணி நேரம் கெஞ்சினார். ஊர் அறிய வழக்காடியவர், அப்படிக் கெஞ்சியதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. எந்த ஆண்டும் எழுதியதுமில்லை.

“உள்ளதான் இருந்தேன். தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பொண்ணு குளிச்சிட்டிருந்தா. குழாய மூடு, சத்தம் போடாதேன்னு கையைக் காட்டினேன். எங்க அறைக்கு மட்டும் பத்தொன்பது நாளும் தண்ணி வந்துச்சுங்க. ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும். மறுநாளே வேலையும் போயிருக்கும், அறையும் போயிருக்கும். அம்மா இல்லாத புள்ளைய வெச்சுக்கிட்டு எங்க போறது?”

“கெஞ்சுறவளோட பையன் உங்களுக்கு மாப்பிள்ளையா வருவான்னு தெரிஞ்சிருந்தா?”

சாவிக்காரர் நாற்காலி துடைத்த துணியை மடித்து மோட்டார்மேல் வைத்தார்.

“தெரிஞ்சிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்னுதான் தோணுது.”

தையற்காரம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது சிரிப்பு. பெண் கொடுத்த இடத்தில் இப்படி உண்மை பேசும் சம்பந்தியை அவர் எங்கும் கண்டதில்லை.

மூன்று நாள் எழுதினார். குழாயை எழுதினார், தாழ்ப்பாளை எழுதினார், குடத்துடன் நின்ற தம்மையும் எழுதினார். எழுதியதை மருமகளிடம் முதலில் நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள்.

“நல்லவரா எழுதுவீங்கன்னு நினைச்சேன்.”

“நீ கேட்டது காட்சி. நற்சான்றிதழ் இல்ல.”

“குளிச்சிட்டிருந்தது நான்தான்னும் இருக்கு.”

“எடுத்துடட்டுமா?”

அவள் தாள்களின் ஓரத்தை நீவினாள். “வேணாம் அத்தை. இருக்கட்டும்.”

ஒத்திகையில் முடிதிருத்துபவர் கொதித்தார். “மெயின் வில்லன் நான். எனக்கு நாலு பக்கம், எடுபிடிக்கு ஆறு பக்கமா? என்னம்மா நியாயம் இது?”

“நீங்க ஒரே குணம்தான் காட்டுறீங்க, அதுக்கு நாலு பக்கமே அதிகம்,” என்றார் பேக்கரிக்காரர். அவர் தலையணையைத் தாமாகவே அவிழ்த்துப் போட்டுவிட்டார்.

நாடகத்தன்று மாலை முற்றம் நிறைந்திருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால், கேட்டின் ஓரமாக, சாவிக்காரர் நின்றுகொண்டிருந்தார். பேக்கரிக்காரர் மேடையேறியதும் முன்வரிசை பழக்கதோஷத்தில் ஊளையிட்டது. அவர் பேசாமல் ஒரு கதவின் உட்புறம் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். அதுவரை மேடை ஏறியே அறியாத தையற்காரம்மா, குடத்துடன் மறுபுறம் வந்து தட்டினார்.

“ஐயா, ஒரு குடம் போதும். பையன் பிதற்றுறான்யா.”

ஊளை அடங்கிவிட்டது. கதவின் இரண்டு பக்கமும் பார்வையாளர்களுக்குத் தெரிந்தது: வெளியே ஒருத்தி கெஞ்சுகிறாள், உள்ளே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தாழ்ப்பாளை இறுக்குகிறார். கதவு திறக்கவில்லை. காட்சி முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை.

மேடையின் ஓரத்திலிருந்து தையற்காரம்மா பின்வரிசையைப் பார்த்தார். மருமகளும் எழுந்து நின்று அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் மூன்றாம் மாடி பஸ் டிரைவர் சாவிக்காரர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்தொன்பது நாளும் நோயாளி மனைவியை ஈரத் துணியால் துடைக்கக்கூட வழியில்லாமல் தவித்தவர் அவர்.

“நீதானாய்யா அது?” அவர் குரல் மேடைவரை கேட்டது.

“ஆமாங்க.”

“திறந்திருக்கணும்யா நீ.”

“திறந்திருக்கணும்ங்க.”

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் ஓர் ஆள் அளவுக்கு நகர்ந்தார்.

“அப்ப உக்காரு. இன்னும் ரெண்டு காட்சி இருக்கு.”