கட்டுப்பல் சூனியக்காரி

என்னைச் சூனியக்காரி என்று ஊர் சொன்னபோது எனக்கு முதலில் வந்த கவலை உயிரைப் பற்றியது இல்லை. என் முன்பல் இரண்டும் கட்டிய பல் என்பது வெளியே தெரிந்துவிடுமே என்பதுதான். என் புத்தி அப்படி.

நான் சிங்கவரத்துச் சாமுண்டீஸ்வரி. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. புருஷன் போய் நாலு வருஷம், பிள்ளை கிடையாது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற ஒன்றரை ஏக்கர் நிலமும் அதில் ஒரு கிணறும் இருந்தன. வெள்ளைக்காரன் போன அந்த வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை. ஊரில் எல்லாக் கிணறும் தரைதட்டிவிட்டது, என் கிணற்றில் மட்டும் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. இதில் மாயம் ஒன்றுமில்லை. என் புருஷனும் நானும் ஒரு கோடை முழுக்கப் பாறையை உடைத்து ஐந்தடி ஆழப்படுத்தியிருந்தோம். அன்றைக்கு எங்களைப் பார்த்துச் சிரித்தவன் என் கொழுந்தன் கோதண்டராமன். பக்கத்து நிலம் அவனுடையது. இப்போது அவன் மல்லாட்டை கருகிக்கொண்டிருந்தது.

ஆடி மாதம் ஒருநாள் ஏற்றம் இறைக்கும்போது கை வழுக்கி, மூங்கில் கழி என் வாயில் அறைந்தது. முன்பல் இரண்டும் கிணற்றுக்குள் போய்விட்டன. வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. புதுப்பல் கட்டலாம் என்றால், தாலி அறுத்தவளுக்குப் பல் ஒரு கேடா என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்று விடுகிற தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு செஞ்சிச் சந்தைக்குப் போனேன். அங்கே புளியமரத்தடியில் கண்ணாடிப் பெட்டி நிறையப் பல் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். மெழுகில் அச்சு எடுத்துக்கொண்டு மூன்றாம் சந்தைக்கு வரச்சொன்னார். அதுவரை ஊரில் வாயைத் திறக்க முடியுமா? மௌன விரதம் என்று சைகை காட்டிவிட்டேன்.

மூன்றாம் சந்தையில் பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு அழகு. அதற்கப்புறம் நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் கோதண்டராமனின் மாடு பால் வற்றியது. கன்று போட்டு ஒரு வருஷமான மாடு வற்றாமல் என்ன செய்யும்? ஆனால் குறி பார்த்த பூசாரி, கிணற்றுப் பக்கம் மந்திரம் தெரிந்த பொம்பளை இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அப்புறம் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. மூன்று வாரம் வாய் பேசாமல் மந்திரம் உருப்போட்டாளாம். விடியலில் கிணற்றடியில் முணுமுணுக்கிறாளாம். ஏற்றத்தில் தண்ணீர் மொள்ளுகிற சால் எத்தனை வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன், ஐயா. இந்த ஊரில் எண்ணாமல் ஏற்றம் இறைத்தவன் எவன்? கிணறு வற்றியதும் எண்ணிக்கையும் மறந்துபோய்விட்டது போலிருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி, புருஷன் இல்லாதவள் தனியாகச் சிரிக்கிறாள் என்பது.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. முன்பல் இரண்டையும் பிடுங்க வேண்டும். முன்பல் போனால் மந்திரம் வாயில் நிற்காது, சூனியம் அன்றோடு செத்துப்போகும் என்பது வழக்கம். பிறகு நான் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். நிலத்தைக் கொழுந்தன் பார்த்துக்கொள்வானாம். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

கொல்லுப்பட்டறைத் தங்கராசு குறடோடு வந்தான். என்னைவிட அவன்தான் அதிகம் நடுங்கினான்.

"அக்கா, வாயக் கொஞ்சம் தொற."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"இரு தங்கராசு, ஒனக்கு ஏன் சிரமம்" என்று பல்லைக் கழற்றி நாட்டாண்மை விநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் தேள் விழுந்ததுபோல் உதறினார். பல் பூசாரியின் மடியில் விழுந்தது. பூசாரி துள்ளி எழுந்ததில் பல் மண்ணில் விழுந்தது, உடுக்கை உருண்டு தெருவுக்கே போய்விட்டது.

"இன்னாது இது?" என்றார் நாட்டாண்மை.

"பல்லு. செஞ்சி சந்தையில கட்னது. சொந்தப் பல்லு ஆடியிலயே கெணத்துல பூட்ச்சி. மாடு வத்துனது ஐப்பசியில. பல்லு இல்லாதவளுக்கு மந்திரம் வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தங்கராசு குறடைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நான் ஜெயித்துவிட்டேன். பொக்கை வாயோடு ஊர் நடுவில் நின்றேன், துளி வெட்கம் இல்லை.

அப்போது கோதண்டராமன் கேட்டான். "செரி, அப்ப எம் மாட்ட வத்த வெச்சது யாரு?"

சிரிப்பு நின்றது. ஒவ்வொரு கண்ணாக ஓரத்தில் நின்ற அம்மாக்கண்ணுவின் பக்கம் திரும்பியது. அவள் புருஷன் பர்மாவுக்குப் போனவன், திரும்பவில்லை. என் நிலத்தை ஒட்டி அவளுக்குக் கால் ஏக்கர் நிலமும் இரண்டு புளியமரமும் உண்டு, வாய் நிறையச் சொந்தப் பல்லும் உண்டு. அவள் மெல்லக் கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கராசு சிரித்துக்கொண்டிருந்த அதே முகத்தோடு குறடைத் தேடினான்.

மண்ணில் கிடந்த பல்லை எடுத்து முந்தானையில் துடைத்து மாட்டினேன்.

"நான்தான்" என்றேன். "நான்தான் வத்த வெச்சேன்."

"பல்லு இல்லாம மந்திரம் வராதே" என்றார் பூசாரி ஈனக்குரலில்.

"கட்டுப்பல்லுல இன்னும் சுத்தமா வருது. வேணும்னா இதையும் புடுங்கிக்கோ, அடுத்த சந்தைக்கு வேற கட்டிக்கினு வந்துருவேன். கட்டுப்பல்லுக்கு வழக்கத்துல இன்னா சொல்லியிருக்குது, பூசாரி?"

வழக்கத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பூசாரி நாட்டாண்மையைப் பார்த்தார், நாட்டாண்மை கோயில் கோபுரத்தைப் பார்த்தார். நான் கொழுந்தன் பக்கம் திரும்பி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன்.

"நெலத்தப் பாத்துக்கறேன்னியே கோதண்டம், வாயேன். வந்து பாத்துக்கோ."

"இல்ல அண்ணி, ஒங்க நெலம், நீங்களே பாத்துக்குங்க" என்று பின்பக்கமாகவே நடந்து போனான். வேலியில் முட்டிக்கொண்டபிறகுதான் திரும்பி ஓடினான்.

அன்றிலிருந்து என் நிலத்தில் ஓர் ஆடுகூட வாய் வைத்ததில்லை. கல்யாண வீட்டில் எனக்கு இலை போடுவதும் இல்லை. அது வலிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் விடியலில் அம்மாக்கண்ணு கிணற்றடிக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நெசமாவே ஒனக்கு மந்திரம் தெரியுமா?"

"தெரியும். வந்து கழியப் புடி."

அவள் பிடித்தாள். முதல் சால் மேலே வந்ததும் ஒன்று என்றேன். அடுத்ததை அவள் எண்ணினாள். இப்போது தினமும் இரண்டு பேராக முணுமுணுக்கிறோம். நூறாவது சாலுக்குமேல் வருகிற தண்ணீர் அவள் நிலத்துக்குப் போகிறது.